கேமரா நிற்கும் இடம்: முகத்திலும் மினியேச்சரிலும் நேரும் தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் எந்த லென்ஸ், எந்த உடை, எந்த இடம் என்பதையெல்லாம் முதல் நாளே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். கேமராவை எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் பிடிக்கப் போகிறோம் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. மனித முகமானாலும், மேசைமீது அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் கட்டிய மினியேச்சரானாலும், நான் செய்ததும் பிறர் செய்யக் கண்டதுமான தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கவனிக்காததால் வந்தவை.

முதலில் முகத்தை எடுத்துக்கொள்வோம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. இடைவெளி இருக்கிறது. கைபேசியை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் நீட்டிப் பிடித்தால், காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும், அதாவது காதோடு ஒப்பிடும்போது மூக்கு 40 விழுக்காடு பெரிதாகப் பதிவாகும். அதே முகத்தை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வேறுபாடு 8 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. இதில் லென்ஸின் குற்றம் எதுவும் இல்லை, எல்லாம் தூரத்தின் வேலை. கைபேசியின் முதன்மைக் கேமரா அகலமான காட்சியைப் பிடிப்பது என்பதால், முகம் சட்டகத்தை நிரப்ப வேண்டுமென்று நம்மை அறியாமலே நெருங்கிப் போய்விடுகிறோம். என் சித்தியை ஒருமுறை அப்படி எடுத்துக் காட்டியபோது, "ஏன் கண்ணு, எம் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்குது?" என்று கேட்டார். அன்று சமாளித்துப் பேசினேன். இப்போதாக இருந்தால் நான்கடி பின்னால் நகர்ந்து, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூமில் மறுபடி எடுத்திருப்பேன். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் முகத்துக்கு, குறுகலான காட்சியைப் பிடிக்கும் 85 மி.மீ. லென்ஸை விரும்புவதும், அது அவர்களைத் தானாகவே இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வைக்கிறது என்பதால்தான்.

உயரத்தைப் பொறுத்தவரை, அமர்ந்திருக்கும் பெரியவரையும் ஓடியாடும் குழந்தையையும் நின்றபடியே எடுப்பது பரவலான தவறு. முழங்காலை மடக்கி அவர்கள் கண்மட்டத்துக்கு இறங்கினால் போதும்.

மினியேச்சரில் இந்தக் கண்மட்டம் இன்னும் கடுமையான கணக்காகிவிடுகிறது. ரயில் மாதிரிகளில் பரவலாக உள்ள 1:87 அளவில், அதாவது நிஜத்தை 87 மடங்கு சிறிதாக்கினால், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் உள்ள மனிதக் கண் வெறும் 18 மி.மீ. உயரத்துக்கு வந்துவிடும். ஏற்காடு சாலையில் நிற்கும், மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவை அந்த அளவில் அட்டையில் செய்து பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. நாற்காலியில் அமர்ந்தபடி மேலிருந்து எடுத்த படங்களில் அது பிறந்தநாள் கேக்கின் மேல் வைக்கும் அலங்காரம் போலத் தெரிந்தது, ஏனென்றால் அந்த வளைவின் உச்சியை மேலிருந்து பார்த்தவர் சாலையில் போகிறவர்களில் எவரும் இல்லை. கைபேசியைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் மேசைப் பரப்பை ஒட்டி வந்துவிடும். அதுவும் போதாவிட்டால் மாதிரியை மேசையின் விளிம்புக்கு நகர்த்தி, கேமராவை விளிம்புக்கு வெளியே தாழ்த்திப் பிடிக்கலாம். அப்படி எடுத்தவுடன் வளைவு தலைக்கு மேல் எழுந்து நின்றது. அட்டையின் வெட்டு விளிம்புகூடக் காரைச் சுவர் போலத் தோன்றியது.

தூரத்திலோ முகத்துக்குச் சொன்னது இங்கே தலைகீழாகிறது. 1:87 மாதிரியிலிருந்து 20 செ.மீ. என்பது நிஜத்தில் ஏறத்தாழ 17 மீட்டர். ஒரு கட்டடத்தைப் பார்க்க நாம் இயல்பாக நிற்கும் தூரம் அதுதான். ஆகவே இங்கே நெருங்கத்தான் வேண்டும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் பெரிய சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) கொண்ட கேமராவில் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே கூர்மையாக விழும். முன்தூண் தெளிவாகவும் பின்தூண் மங்கலாகவும் இருந்தால், பார்ப்பவர் கண் உடனே "பொம்மை" என்று முடிவு செய்துவிடும். நிஜமான நகரத்தையே மேலிருந்து எடுத்து, மேலும் கீழும் மங்கலாக்கிப் பொம்மை நகரம் போலக் காட்டும் வித்தை இதை வைத்தே நடக்கிறது. சிறிய சென்சார் கொண்ட கைபேசி இயல்பாகவே அதிக ஆழத்தைக் கூர்மையாகக் காட்டுவதால், முகத்தில் நம்மைத் தடுமாற வைக்கும் அதே கருவி மினியேச்சரில் விலையுயர்ந்த கேமராவை முந்திவிடுகிறது. போர்ட்ரெய்ட் மோடை மட்டும் அணைத்துவிட வேண்டும். அது மென்பொருளால் பின்னணியை மங்கலாக்குவது. மாதிரியின் மின்கம்பத்தை வெட்டுவது போலவே, மனிதர்களின் தலையில் சூடிய மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் அது கடித்து வைக்கும்.

பெரிய கேமராதான் வேண்டும் என்பவர்கள், கூர்மையின் ஆழத்தைக் கூட்டுவதற்காக லென்ஸின் ஒளித்துளையை எஃப்/22 வரை (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) சுருக்கிவிடுவதும் தவறே, ஏனெனில் அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதும் மெலிதாக மழுங்கும். எஃப்/8 அல்லது எஃப்/11 இல் வைத்து, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்து, பதினைந்து படங்கள் எடுத்து, அவற்றின் கூர்மையான பகுதிகளைக் கணினியில் ஒரே படமாக அடுக்குவது நல்ல வழி. அத்தனை படங்களுக்கும் ஸ்டாண்ட் அசையக் கூடாது. மின்விசிறியும் ஓடக் கூடாது.

வெளிச்சத்தில் நாம் அடிக்கடி மறப்பது, வானத்தில் இருப்பது ஒரே சூரியன் என்பதை. மாதிரிக்கு இருபுறமும் இரண்டு விளக்குகளை வைத்தால் ஒரு கம்பத்துக்கு இரண்டு நிழல் விழும். ஒரு விளக்கை உயரத்தில் தள்ளி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் போதும். அறையின் டியூப்லைட்டை எரிய விட்டபடி மஞ்சள் பல்பில் எடுப்பவர்கள், ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று வந்த படத்தைப் பிறகு எந்தச் செயலியாலும் சரியாகத் திருத்த முடியாமல் தவிப்பார்கள்.

முகத்துக்குச் சேலத்து நண்பகல் வெயில் ஆகாது. தலைக்கு நேர் மேலிருந்து விழுந்து கண்குழிகளை இருட்டாக்கிவிடும். திண்ணையிலோ வாசற்படிக்குச் சற்று உள்ளேயோ அமர வைத்து, எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துவிட்டால், வாடகைக்கு எடுக்கும் ரிஃப்ளெக்டருக்கு அது சற்றும் குறைந்ததில்லை. ரெட் ஆக்சைடு தரையில் வெயில் பட்டுத் தெறித்தால் தாடையின் அடியில் சிவப்பேறும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டில் இதே சிக்கல் பச்சையாக வருகிறது. சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்க வைத்தால் இலைகளில் பட்டு வரும் ஒளி முகத்தில் படிந்து, மணப்பெண்ணைக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போலக் காட்டிவிடும். பின்னணியில் காப்பித் தோட்டம் இருக்கட்டும். ஆள் மட்டும் திறந்த வானம் தெரியும் பாதையோரத்துக்கு வந்து நிற்கட்டும். தோட்டங்கள் பெரும்பாலும் தனியாருடையவை என்பதால், உள்ளே இறங்குமுன் அனுமதி கேட்பது முறை.

மூடுபனி கிடைத்தால் அது முகத்துக்குக் கிடைக்கும் மிக மென்மையான ஒளி. ஆனால் கேமரா அதை அளப்பதில் தவறிவிடும். எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கும் கருவி, வெண்பனியைக் கண்டதும் வெளிச்சம் மிகுதி என்று எண்ணிக் குறைத்துவிட, பனி அழுக்குச் சாம்பலாகவும் முகம் கறுத்தும் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, ஒரு படி, தேவையானால் ஒன்றரைப் படி கூட்டுவதே இதற்குத் தீர்வு. அதைச் செய்யாமல் பியூட்டி மோடைப் போட்டு முகத்தை வெளுக்க வைப்பதைத்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன்: மாநிறத்தவர் ஒருவரை மாநிறத்தவராகவே, தோலின் மினுமினுப்போடு காட்ட, சரியான வெளிச்ச அளவே போதுமானது. "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று கேட்கும் வீட்டாருக்கு, திருத்தாமல் சரியாக எடுத்த ஒரு படத்தை முதலில் காட்டினால் பல நேரம் அந்தக் கோரிக்கையே மறைந்துவிடுகிறது.

ஏசி காரில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால், குளிர்ந்த கண்ணாடியின்மீது ஈரக்காற்று படிந்து லென்ஸ் வேர்த்துவிடும். பையைத் திறக்காமலே இருபது நிமிடம் வெளியே வைத்திருந்து, பிறகு எடுக்க வேண்டும். துடைத்துத் துடைத்துப் பார்ப்பதில் பயனில்லை, மறுபடி வேர்க்கும்.

மினியேச்சரில் கடைசியாகத் தூசி. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலிழை, 1:87 அளவில் சாலையின் குறுக்கே விழுந்த கயிறாகத் தெரியும். மென்தூரிகையால் தட்டிவிட்டு, ஒரு படம் எடுத்து, திரையில் முழுதாகப் பெரிதாக்கி மூலைக்கு மூலை பார்த்த பிறகே மேசையைக் கலைக்கலாம். என் வளைவின் அடியில் பூனை முடி ஒன்று கிடந்ததை, எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கட்டிய பிறகுதான் நான் பார்த்தேன்.