பிளஸ் டூ முடித்த மலைப் பிள்ளைகளுக்கு: முதலில் பஸ், பிறகு பாடம்

சேலம் – ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பிள்ளை படிப்பை விடப்போகிறது என்பது வாத்தியாருக்கு முன்பே கண்டக்டருக்குத் தெரிந்துவிடும். திங்கள்கிழமை வரும், செவ்வாய் வராது. பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். நான் பார்த்தவரை, கட்டணத்தைவிடப் போக்குவரத்துச் செலவுதான் பலரை நிறுத்தியது. அதனால் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம், "எந்தக் கல்லூரி, எந்த பஸ்?" என்றுதான் முதலில் கேட்பேன். பாடத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐடிஐ என்றால் அரசுப் பஸ்ஸில் பாஸ் இலவசம். தனியார் கல்லூரிக்குப் பாதிக் கட்டணச் சலுகைதான். மலையிலிருந்து தினமும் இறங்குகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் மூன்று ஆண்டுகளில் பெரிய தொகை. சேர்க்கைப் படிவம் நிரப்பும் முன்பே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாஸுக்கு விண்ணப்பிப்பது கல்லூரி அலுவலகம் வழியாகத்தான். அதில் ஏறும் இடம், இறங்கும் இடம் என்று எழுதும் இரண்டு கட்டங்களில்தான் எல்லாம் இருக்கிறது. நாகலூர்ப் பெண் ஒருத்தி, பெரிய ஊர் பெயராக இருக்கட்டும் என்று 'ஏற்காடு' என எழுதிக் கொடுத்துவிட்டாள். நாகலூரிலிருந்து ஏற்காடு வரை தினமும் டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தின் பெயரையே எழுதுங்கள். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்கள் சேலத்தில் பஸ் மாற வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது வழியும் பாஸில் வருமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூனில் புதுப் பாஸ் கைக்கு வரத் தாமதமாகும். அதுவரை பழைய பாஸையோ கல்லூரி அடையாள அட்டையையோ காட்டிப் போகலாம் என்று அரசு அறிவிப்பது வழக்கம். அடையாள அட்டையைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்ளுங்கள். கண்டக்டரிடம் வாக்குவாதம் வேண்டாம். பரிசோதகர் ஏறினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஆத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயிலையும் பாருங்கள். வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே, இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் மாணவர்களுக்குப் பிளஸ் டூ வரையிலும் இலவசம். நிலையத்தில் கேட்பதற்கு முன் கல்லூரியில் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அரசு விடுதிதான் வழி. தங்கலும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் மாணவர்களுக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மாணவிகளுக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை.

இனிப் பணம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் 1000 ரூபாய் உண்டு: பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 முதல்; பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 முதல். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. இதுவும் கல்லூரி வழியாகவே. சேர்ந்த வாரமே இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியர் யார் என்று விசாரித்துப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

பணம் வரவில்லை என்று வருகிற பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு வங்கிக் கணக்கில்தான். பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்குப் பணம் வரும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். பள்ளியில் ஒரு கணக்கு, பிறகு அஞ்சலகத்தில் ஒன்று என்று திறந்து, இரண்டாவதை இணைத்திருப்பார்கள். பணம் அங்கே சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும். ஆதாரில் 'ரா. செல்வி', மதிப்பெண் பட்டியலில் 'செல்வி ரா' என்று இருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள்.

சான்றிதழ்களில் முதலில் ஓட வேண்டியது சாதிச் சான்றுக்கு, அதிலும் இந்த மலையில் வாழும் 'மலையாளி' என்ற பழங்குடிப் பிள்ளைகள் (கேரளத்தவர் அல்ல). மற்றவர்களுக்குத் தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றில் கையெழுத்திட வேண்டியவர் கோட்டாட்சியர். அதற்கு நாளாகும். மேல்படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவருக்குக் கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரிச் சான்றுக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். பி.ஏ., பி.காம். சேருகிறவர்களுக்கு அது எதற்கு? பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான் அந்தக் கட்டணச் சலுகை. அதுவும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். அக்காள் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதாவிட்டால் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அதன் எண்ணோடு வங்கிக்குப் போங்கள். இல்லை என்று வாய்ப்பேச்சாகச் சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள்; காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.