அப்டேட் செய்யுமுன் ‘கௌசல்யா’ என்று அடித்துப் பாருங்கள்: எடிட்டிங் மேசைக்கு ஒரு வழிகாட்டி

பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ என்ற மூன்று வீடியோ எடிட்டிங் மென்பொருள்களிலும் அடிக்கடி புதிய பதிப்பு வருகிறது. கூடவே புது வசதிகளின் நீண்ட பட்டியலும் வருகிறது. பேச்சை எழுத்தாக்கி, அந்த எழுத்தை வெட்டினால் வீடியோவும் வெட்டுப்படும் வசதி 2023இல் பிரீமியரில் வந்தது. 2024 நவம்பரில் வந்த ஃபைனல் கட் 11இல் ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மேக்னடிக் மாஸ்க் இருக்கிறது. 2025இல் வந்த ரிசால்வ் 20, யார் பேசுகிறார் என்று பார்த்துத் தானே கமராவை மாற்றுகிறது.

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஸ்டூடியோக்களில் வரும் வேலை கல்யாணம், சடங்கு, தோட்டத்துக் கோயில் திருவிழா, மாசியில் காமன் கூத்து. பேசுபவரைப் பார்த்துக் கமரா மாற்றும் வசதி, நாதஸ்வரமும் தவிலும் முழங்கத் தாலி கட்டும் நேரத்தில் உதவாது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் நேர்காணலில்தான் உதவும். ரிசால்வ் 20இன் எழுத்தாக்க மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. பிரீமியரின் பட்டியலில் ஹிந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. ஆகவே நமக்கு எது வந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்பதை நம் வேலையை வைத்து நாமே சோதிக்க வேண்டியிருக்கிறது.

பழையதை அழிக்காமல் புதியதைப் போடுவது

கையில் இருக்கும் கல்யாண ஆல்பத்தை முடித்துக் கொடுக்கும்வரை பதிப்பை மாற்றாதீர்கள். புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த புரொஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது. பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் இதே கதைதான்.

பிரீமியரில் கிரியேட்டிவ் கிளவுட் வழியாக அப்டேட் கொடுக்கும்போது ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, பழைய பதிப்புகளை நீக்கு என்ற கட்டத்தில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் பழையது அழிந்துவிடும். இரண்டும் அருகருகே இருந்தால், பழைய புரொஜெக்ட்டின் பிரதி ஒன்றை மட்டும் புதியதில் திறந்து பார்க்கலாம்.

ரிசால்வில் அப்படி முடியாது. புதியது பழையதன் மேலேயே உட்காரும். புரொஜெக்ட்கள் இருக்கும் டேட்டாபேஸையும் புதிய அமைப்புக்கு மாற்றிவிடும். அதனால் முதலில் புரொஜெக்ட் மேனேஜரில் இடது பக்கப் பலகையைத் திறந்து, உங்கள் லைப்ரரியை (அந்த டேட்டாபேஸைத்தான் அங்கே இப்படிச் சொல்கிறார்கள்) பேக்கப் எடுத்து வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். பழைய பதிப்பின் இன்ஸ்டாலர் கோப்பையும் அதோடு சேர்த்து வையுங்கள். திரும்ப வேண்டி வந்தால் புதியதை அகற்றி, பழையதைப் போட்டு, அந்த பேக்கப்பை ரிஸ்டோர் செய்தால் போதும். மாறியபின் ரிசால்வ் திறக்கவே மறுத்தால் முதலில் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரைப் பாருங்கள். என்விடியா என்றால் கேம் டிரைவரை விட்டுவிட்டு ஸ்டூடியோ டிரைவரைப் போடுவது நல்லது.

பெரிய எண் மாறும் பதிப்பை முதல் மாதத்திலேயே எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. 2011 ஜூனில் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளியானபோது பல கமராக்களின் காட்சியை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை, பழைய ஃபைனல் கட் 7இன் புரொஜெக்ட்டைத் திறக்கவும் வழியில்லை. மல்டிகேம் திரும்பி வந்தது 2012 ஜனவரியில், 10.0.3 பதிப்பில்தான். அந்த ஏழு மாதமும் தவித்தவர்கள் அவசரப்பட்டு மாறியவர்கள்.

எழுத்து எங்கே உடைகிறது, ஏன்

‘கொ’ என்பது கணினிக்குள் இரண்டே குறிகள்: முதலில் ‘க’, அதன் பின் ஒகரக் குறி. ஆனால் திரையில் அந்த ஒகரக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது மென்பொருளின் எழுத்து எஞ்சின். ஆங்கிலத்துக்கு மட்டும் எழுதப்பட்ட எஞ்சின், குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். அப்போது கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும், அல்லது ஒரு புள்ளி வட்டத்தின் மேல் அநாதையாகத் தொங்கும். எழுத்துரு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எஞ்சின் சரியில்லையென்றால் பயனில்லை.

எந்தப் பதிப்புக்கு மாறினாலும் முதலில் ஒரு டைட்டிலில் இந்த ஒரு வரியை அடியுங்கள்: கௌசல்யா, கோகிலா, லக்ஷ்மி, ஸ்ரீ முத்துமாரியம்மன். ஔகாரம், ஓகாரம், க்ஷ, ஸ்ரீ நான்கும் இதில் வந்துவிடுகின்றன. நான்கும் சரியாக வந்தால் பெரும்பாலும் மற்றவையும் வரும். எடிட் திரையில் மட்டும் பார்த்தால் போதாது. ஐந்து விநாடியை வீடியோ கோப்பாக ரெண்டர் எடுத்து, போனில் போட்டும் பாருங்கள்.

பிரீமியரில் உடைந்தால், எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதற்குள் கிராஃபிக்ஸ் என்று போனால் ‘டெக்ஸ்ட் எஞ்சின்’ என்ற தெரிவு இருக்கும். அதை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். மாற்றியபின் புதிதாக ஒரு எழுத்து அடுக்கு உருவாக்கிச் சோதியுங்கள். ஏற்கெனவே போட்ட பெயர் உடைந்தபடியே நின்றால் அதை அழித்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். எழுத்துருவுக்கு விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ, அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுச் சோதித்தால் தவறு எழுத்துருவிலா எஞ்சினிலா என்று பிரித்தறியலாம்.

ரிசால்வில் சாதாரண ‘டெக்ஸ்ட்’, ‘டெக்ஸ்ட் பிளஸ்’ இரண்டிலும் தனித்தனியாக அதே வரியைப் போடுங்கள். இரண்டும் வேறு வேறு பாதையில் எழுத்தை வரைகின்றன. ஒன்றில் சரியாக வந்ததால் மற்றதிலும் வரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டிலும் உடைந்தால் இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் பெயரை அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் வையுங்கள். அளவு டைம்லைனோடு ஒத்திருக்கட்டும்: 1920க்கு 1080, அல்லது 3840க்கு 2160. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரம் கலங்கும்.

எழுத்து எழுத்தாகப் பறந்து வரும் அனிமேஷன் டெம்ப்ளேட்களைத் தமிழுக்கு எடுக்க வேண்டாம். ‘கோகிலா’வில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக வந்து சேரும், பெண் வீட்டார் பார்க்கும் முதல் காட்சியே அதுதான். சொல் சொல்லாகவோ வரி வரியாகவோ வருவதைத் தெரிவு செய்யுங்கள்.

இனி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நம் ஊர் ஸ்டூடியோக்களில் பல வருட டைட்டில்கள் பாமினியில் இருக்கின்றன, அதற்குக் காரணமும் இருக்கிறது: எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோட் உடைந்த காலத்தில் பாமினி உடையவில்லை. உடையாததற்குக் காரணம், அதில் தமிழே இல்லை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்; எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. அதனால்தான் பாமினி இல்லாத கணினியில் அந்தப் புரொஜெக்ட்டைத் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. பிரீமியரின் புதிய பதிப்புகளில் பழைய டைட்டில் ஜன்னலும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டைட்டில்களையாவது இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தபின் ஸ்ரீ, அடைப்புக்குறி, இலக்கங்கள், தேதிக்கு இடையில் வரும் கோடு ஆகியவற்றைக் கண்ணால் சரிபாருங்கள். மாற்றி தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

தமிழில் சப்டைட்டில்

எடிட்டிங் மென்பொருளில் இல்லாததை வெளியிலிருந்து கொண்டுவரலாம். ஓப்பன்ஏஐ 2022இல் திறந்த மூலமாக வெளியிட்ட விஸ்பர் தமிழைக் கேட்டு எழுதும். இலவச மென்பொருளான ‘சப்டைட்டில் எடிட்’டுக்குள்ளேயே அதை இயக்கலாம், விஸ்பரின் மாடல் கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை.

முதலில் பேச்சு உள்ள பகுதியை மட்டும் வேவ் (WAV) ஒலிக் கோப்பாக எடுங்கள். ஊர்வலம், மேளம், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், பேச்சே இல்லாத இடத்தில் விஸ்பர் ஏதோ ஒரு வரியைக் கற்பனை செய்து அதையே பத்து இருபது தடவை எழுதும். அது இந்த மாடலின் தெரிந்த குறை. பிறகு சப்டைட்டில் எடிட்டில் வீடியோ மெனுவுக்குள் விஸ்பர் மூலம் ஒலியை எழுத்தாக்கும் தெரிவைத் திறந்து, மொழியைத் தமிழ் என்று நீங்களே தெரிவு செய்யுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் முதல் சில விநாடிகளை வைத்து வேறு மொழி என்று முடிவு செய்துவிடக்கூடும்.

மாடலில் ‘ஸ்மால்’ தமிழுக்குப் போதாது. ‘மீடியம்’ எடுக்க கிராஃபிக்ஸ் கார்டில் ஏறத்தாழ 5 ஜிபி நினைவகம் வேண்டும், ‘லார்ஜ்’ எடுக்க 10 ஜிபி. அது இல்லாத கணினியிலும் வேலை நடக்கும், ஆனால் மிக மெதுவாக. இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

வந்த எழுத்தை அப்படியே நம்ப வேண்டாம்.  தோட்டப் பேச்சில் வரும் ‘கொழுந்து’, ‘லயம்’, ‘பெரட்டு’, ‘டிவிஷன்’ போன்ற சொற்களையும், ஆள் பெயர், தோட்டப் பெயர்களையும் விஸ்பர் தவறாக எழுதக்கூடும். தோட்டத்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தேடி மாற்றும் வசதியில் ஒரே தடவையில் திருத்துங்கள். ஒரு வரியில் 30 எழுத்துக்கு மேல் போகாமல் பிரியுங்கள். தமிழ்ச் சொல் நீளம், போன் திரையில் இரண்டு வரிக்கு மேல் போனால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

கடைசியாக எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாகச் சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். ஆன்சி என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. அதன் பின் கோப்பை பிரீமியரிலோ ரிசால்விலோ இம்போர்ட் செய்து டைம்லைனில் இழுத்துப் போட்டு, எழுத்துருவை மாற்றுங்கள்.

குரலும் மேளமும்

பிரீமியரின் என்ஹான்ஸ் ஸ்பீச், ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவின் வாய்ஸ் ஐசொலேஷன் இரண்டும் நல்ல வசதிகள். காற்றடிக்கும் மைதானத்தில் எடுத்த பேச்சைக் காப்பாற்றிவிடும். ஆனால் இரண்டும் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தம் என்று நினைத்து நீக்குபவை. முழு டிராக்கிலும் போட்டால் நாதஸ்வரம் தண்ணீருக்குள் வாசித்ததுபோல் ஆகும், தப்பு மேளத்தின் அடி காணாமல் போகும். பேச்சுள்ள துண்டை ரேசர் கருவியால் வெட்டி, அதில் மட்டும் போடுங்கள். அளவையும் முழுதாக ஏற்றாமல் 50 முதல் 60 வரை வைத்தால் குரல் இயல்பாக இருக்கும். பதிவின்போதே உச்சம் தாண்டி வெடித்த தப்பு மேளச் சத்தத்தை எந்தப் புது வசதியும் மீட்காது. எடுக்கும்போதே உச்சம் கழித்தல் 12 டெசிபலில் நிற்கட்டும்.

மூடுபனியில் ஸ்டெபிலைசர்

நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் கையில் பிடித்து எடுத்த காட்சிக்கு, பிரீமியரில் ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் போட்டால் சில நேரம் படம் ஜெலிபோல் ஆடும். காரணம், மென்பொருள் படத்தில் தெளிவான புள்ளிகளைத் தேடிப் பிடித்துத்தான் அசைவைக் கணக்கிடுகிறது. பனிக்குள் அப்படிப்பட்ட புள்ளிகள் குறைவு. கிடைப்பவையும் பனியோடு சேர்ந்து நகர்கின்றன. மெதட் என்ற இடத்தில் ‘சப்ஸ்பேஸ் வார்ப்’ என்றிருப்பதை ‘பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன்’ ஆக மாற்றி, ஸ்மூத்னஸை 50இலிருந்து 10 அல்லது 15க்கு இறக்குங்கள். அப்போதும் ஆடினால் ‘பொசிஷன்’ மட்டும். கொஞ்சம் கை நடுக்கம் மிஞ்சும். ஜெலியை விட அது மேல்.

இலவச ரிசால்வில் இல்லாதவை

கலர் வேலைக்கு இலவச ரிசால்வே நம் வேலையில் பெரும்பகுதிக்குப் போதும். ஸ்டூடியோ பதிப்பு 295 டொலர், ஒரே தடவை கொடுப்பது. இலவசத்தில் அல்ட்ரா எச்டி அளவுக்கு மேல், 60 பிரேமுக்கு மேல் ரெண்டர் இல்லை; இருட்டு மண்டபத்துப் படத்துக்கு அவசியமான, புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கும் டெம்போரல் நோய்ஸ் ரிடக்‌ஷனும் இல்லை. விண்டோஸில் அதிகம் தலைவலி தருவது இன்னொன்று: புதிய கமராக்களின், நிற விவரம் கூடுதலாகப் பதியும் 10-பிட் 4:2:2 கோப்பைப் போட்டால் சத்தம் மட்டும் வரும், படம் வராது. கமரா பழுதென்று நினைத்து ஓட வேண்டாம். கமராவில் 8-பிட் 4:2:0 தெரிவு செய்து எடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டால் ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். 4கே, 25 பிரேமில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 330 ஜிபி பிடிக்கும். ஆகவே தேவையான துண்டுகளை மட்டும் மாற்றுங்கள்.

உறவினர் போனில் எடுத்துத் தரும் வீடியோவும் இதே ஷட்டர் என்கோடரில் ஒருமுறை போய் வரட்டும். போன் பிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிகிறது. அதனால் பத்து நிமிடக் காட்சியின் கடைசியில் உதடும் குரலும் பிரிந்துவிடும். நிலையான 25 பிரேமாக மாற்றிய பிறகு மல்டிகேமில் சேருங்கள்.

இன்டர்நெட்டும் கரண்டும்

பிரீமியரின் ஜெனரேட்டிவ் எக்ஸ்டெண்ட், வெட்டு சற்றே போதாத இடத்தில் படத்தை 2 விநாடி வரையும் சுற்றுப்புறச் சத்தத்தை 10 விநாடி வரையும் நீட்டித் தருகிறது. பேச்சை நீட்டாது. வேலை நடப்பது பிரீமியரைத் தயாரிக்கும் அடோபி நிறுவனத்தின் சர்வரில், இன்டர்நெட் வழியாக. டேட்டா சிக்னல் இறங்கி ஏறும் தோட்டப் பகுதியில் இதை நம்பி ஒப்படைப்பு நாளைக் குறிக்காதீர்கள். இரண்டு விநாடி குறைகிறதென்றால் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தாலே பல காட்சிகளுக்குத் தேவையான நீளம் வந்துவிடும்.

கரண்ட் போவது மழைக்காலத்தில் சாதாரணம். ரிசால்வில் பிரிஃபரன்சஸ், யூசர், ‘புரொஜெக்ட் சேவ் அண்ட் லோட்’ என்று போய், மாற்றத்தை உடனுக்குடன் சேமிக்கும் லைவ் சேவ் இயங்குகிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே உள்ள புரொஜெக்ட் பேக்கப்ஸையும் 10 நிமிடத்துக்கு ஒன்று என்று இயக்குங்கள். லைவ் சேவ் மட்டும் இருந்தால் தவறாக அழித்ததும் உடனே சேமிக்கப்பட்டுவிடும். பேக்கப் இருந்தால்தான் பத்து நிமிடம் பின்னால் போகலாம். பிரீமியரில் ஆட்டோ சேவ் 5 நிமிடம், பிரதிகள் 20. அந்தப் பிரதிகள் வீடியோ இருக்கும் அதே டிஸ்க்கில் விழாமல் வேறு டிஸ்க்கில் விழும்படி ஸ்கிராட்ச் டிஸ்க் அமைப்பில் மாற்றுங்கள். யூபிஎஸ்ஸில் கணினியையும் மொனிட்டரையும் மட்டும் கொடுங்கள், ஸ்பீக்கரையும் பிரிண்டரையும் அதில் ஏற்றாதீர்கள். ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி வந்த கோப்பு திறக்காது. அதனால் மூன்று மணி நேரக் கல்யாணத்தை முகூர்த்தம், விருந்து, மறுவீடு என்று தனித்தனியாக ரெண்டர் எடுத்துப் பிறகு சேர்ப்பது நல்லது.