நித்திய கன்னிமை: மறைக்கல்வி வகுப்பில் விடக் கூடாத பிழைகள்

மறைக்கல்விக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியர்களின் வகுப்பைப் பின்வாங்கில் இருந்து பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. மாதாவின் நித்திய கன்னிமை, அதாவது அவர் வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே இருந்தார் என்ற பாடம் வந்தால் போதும், எங்கள் காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகள் வரிசையாக வரும். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, சங்கத்தின் ஆண்டை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தானாகத் திருந்தும். திருகோணமலையில் ஒரே ஒழுங்கைக்குள் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் சபைக்காரரும் இருக்கிறார்கள். அவர்களுக்கிடையில் மனக்கசப்பை உண்டாக்கும் பிழைகளைத்தான் சொல்கிறேன்.

அமலோற்பவத்தோடு குழப்புதல்

அமலோற்பவம் என்பது மரியாள் தன் தாயின் வயிற்றில் பாவக்கறையின்றி உருவானது பற்றியது. 1854இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அறிவித்தது. வேறு பாடம், வேறு நாள்.

மற்றவர் விசுவாசத்தை நாமே எழுதிக் கொடுத்தல்

எனக்கு இன்னும் எரிச்சல் ஊட்டுவது இதுதான். இங்கே இரண்டு கேள்விகள் உள்ளன. இயேசு பிறக்கும்போது மரியாள் கன்னியா? அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே இருந்தாரா? முதலாவதை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். அதில் கத்தோலிக்கருக்கும் மெதடிஸ்தருக்கும் சண்டையே இல்லை. இரண்டாவதில்தான் வழி பிரிகிறது. கத்தோலிக்கரும் கிழக்கு மரபுவழித் திருச்சபைகளும் "பிறப்புக்கு முன்னும், பிறப்பின்போதும், பின்னும்" என்கிறார்கள். இன்றைய புரட்டஸ்தாந்தரில் பெரும்பாலோர் முதலாவது கேள்வியோடு நிற்கிறார்கள். இரண்டாவதை ஏற்காதவர் முதலாவதையும் மறுக்கிறார் என்று பேசினால் ஒருவரின் விசுவாசத்தையே பறித்தது போலாகும்.

ஓர்ஸ்ஹில் பக்கம் ஒரு கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை கத்தோலிக்கன், பெண் மெதடிஸ்த குடும்பம். இரு வீட்டாருக்கும் முழுச் சம்மதம். ஆயரிடம் கலப்புத் திருமண அனுமதி பெறுவது மட்டும்தான் மிச்சம். பணியாரத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி, அந்த வருடம்தான் மறைக்கல்வி படிப்பிக்கத் தொடங்கியவன், பெண்ணின் தகப்பனிடம், "நீங்கள் மாதா கன்னி எண்டு நம்புறேல்லத்தானே அங்கிள்?" என்று கேட்டுவிட்டான். கேட்டதோடு விடவுமில்லை, "அப்ப இயேசுவைக் கடவுளின்ர மகன் எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்?" என்றான்.

அந்த மனுசன் பால்தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, நீங்க பூசையில சொல்லுற விசுவாசப் பிரமாணத்தைத்தான் நாங்களும் சொல்லுறம். கன்னி மரியாளிடத்தில் பிறந்தார் எண்டு அதில வருது. ஐம்பது வருசமா வாய் சும்மா அசைஞ்சது எண்டா நினைக்கிறீங்க?" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அன்று நாள் குறிக்கவில்லை. பங்குத்தந்தையும் போதகரும் போய்க் கதைத்த பிறகுதான் பேச்சு மறுபடி எழும்பியது. இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க அரை நிமிடம் எடுத்திருந்தால் இத்தனை அலைச்சல் தேவைப்பட்டிராது.

எல்லைக்கோடும் அவன் நினைத்த இடத்தில் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் புரட்டஸ்தாந்தச் சீர்திருத்தத்தை நடத்திய லூத்தரும் சுவிங்கிலியும் மரியாளின் நித்திய கன்னிமையை ஏற்றவர்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லி, 1749இல் ஒரு கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில், இயேசுவைப் பெற்ற பிறகும் மரியாள் மாசற்ற கன்னியாகவே இருந்தார் என்று தம் நம்பிக்கையைச் சொல்லியிருக்கிறார். சீர்திருத்தம் வந்த அன்றே இந்த நம்பிக்கை கைவிடப்படவில்லை, பின்னால்தான் மெல்ல மெல்ல நழுவியது.

இதைச் சொன்னால் மற்றப் பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. வெஸ்லி கடிதத்தைக் கேட்ட ஒரு பிள்ளை, "டீச்சர், இதைப் பக்கத்து வீட்டு அக்காவிட்டக் காட்டினா வாயே திறக்க மாட்டா" என்று குதித்தாள். வெஸ்லி நம்பியது எல்லாம் மெதடிஸ்த திருச்சபையின் கோட்பாடாகிவிடாது. அக்கா வாய் திறப்பார், நியாயமாகவே.

மத்தேயு 1:25ஐக் காட்டி வழக்கை முடித்தல்

மரியாள் மகனைப் பெறும்வரை யோசேப்பு அவரோடு கூடி வாழவில்லை என்கிறது அந்த வசனம். "அப்ப பிறகு வாழ்ந்தார்தானே" என்று அதை வைத்து வழக்கை முடிக்க முடியாது. மகனைப் பெறும்வரை நடந்ததைத்தான் அந்த வசனம் சொல்கிறது, பிறகு நடந்ததைச் சொல்லவில்லை என்று எழுதியவர் சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கல்வின்.

ஏற்பவர் எல்லாருக்கும் ஒரே விளக்கம் என்று நினைத்தல்

மாற்கு 6:3இல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று இயேசுவின் சகோதரர் நால்வரின் பெயர் வருகிறது, சகோதரிகளும் உண்டு. இவர்கள் யார்? கிழக்குத் திருச்சபைகளின் மரபில் யோசேப்பு மனைவியை இழந்தவர், இவர்கள் முதல் தாரத்துப் பிள்ளைகள். இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, விவிலியத்தில் சேராத யாக்கோபின் முதல் நற்செய்தியிலேயே இந்தக் கதை இருக்கிறது. மேற்கில், விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதை ஏற்கவில்லை. இவர்கள் மரியாளும் யோசேப்பும் பின்னர் பெற்ற பிள்ளைகளே என்று எழுதிய எல்விதியுசுக்கு 383 அளவில் பதில் எழுதும்போது, யோசேப்பும் கன்னிமை காத்தவர், சகோதரர் என்பவர்கள் நெருங்கிய உறவினர் என்று வாதிட்டார். எங்கள் கோயில்களில் லீலி மலர்த் தண்டோடு நிற்கும் சூசையப்பர் (யோசேப்பு) ஜெரோமின் சூசையப்பர். கிழக்கின் படங்களில் நரைத்த தாடியோடு இருப்பவருக்கு வேறு கதை. எல்விதியுசின் வாசிப்பைத்தான் இன்று பல புரட்டஸ்தாந்தர் கொள்கிறார்கள்.

"ரோமாபுரி பிந்திக் கட்டினது", "ஆதியிலேயே எல்லாரும் ஏற்றது"

நித்திய கன்னிமை நம்பிக்கை பற்றி இரண்டு பக்கமும் இப்படிச் சொல்வார்கள். இரண்டும் சரியில்லை. 553இல் கூடிய இரண்டாம் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் "எப்போதும் கன்னி" என்றே மரியாளைக் குறிக்கிறது. 649இல் இலாத்தரன் சங்கம் அதை வலியுறுத்தியது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே வட ஆபிரிக்காவின் ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், இயேசுவைப் பெற்ற பிறகு மரியாள் கன்னியாக இருக்கவில்லை என்ற விதமாக எழுதிவிட்டார்.

கலியாணம் கட்டியவர்களைத் தாழ்த்துதல்

மாதாவின் கன்னிமையை உயர்த்துவதற்காக "கணவனோடு வாழ்ந்திருந்தால் அசுத்தப்பட்டிருப்பா" என்று ஒரு தம்பி விளக்கினான். பின்னால் நாலு தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்து நின்றார்கள். ஒருவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். திருமணத்தை அருளடையாளங்கள் ஏழில் ஒன்றாக வைத்திருக்கும் திருச்சபையில் நின்று அப்படிப் பேசக் கூடாது. மரியாள் முழுமையாக இறைவனுக்கே தம்மைக் கொடுத்தார் என்பதுதான் இந்தப் போதனையின் உயிர். தாம்பத்தியம் அழுக்கு என்பது அதில் இல்லை.

முஸ்லிம் அயலவரைச் சாட்சிக்கு இழுத்தல்

குர்ஆனில் மர்யம் பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு, ஈஸா தந்தையின்றிப் பிறந்ததும் உண்டு. மரியாளின் பிந்திய வாழ்க்கை பற்றிய நம் தகராறு அவர்களுடையதல்ல. விடுங்கள்.

சின்னப் பிள்ளையின் கேள்விக்கு மழுப்புதல்

"டீச்சர், இயேசுவுக்குத் தம்பி இருந்ததா?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கட்டாயம் கேட்கும். "அதெல்லாம் பெரியாக்களின்ர விசயம்" என்று சொன்னால், விடையை வேறெங்காவது, அதுவும் கோபத்தோடு சொல்பவரிடம், போய்த் தேடும். மாற்கு 6:3ஐத் திறந்து அதையே வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று விளக்கங்களையும் யார் யார் சொல்கிறார்கள் என்று கரும்பலகையில் எழுதுங்கள். நம் திருச்சபை எதைப் போதிக்கிறது என்று அதன் கீழே எழுதி, அடுத்த பாடத்துக்குப் போங்கள்.