பழைய கிரவுட்டை மாற்ற எவ்வளவு ஆகும்? சதுர அடியை விட்டுவிட்டு இடுக்கை அளந்து பாருங்கள்

டைல்ஸ் நடுவே இடுக்கை அடைக்கிற பூச்சான கிரவுட் கறுத்துப்போய் அங்கங்கே உதிர ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு என்பதுதான். புது டைல்ஸ் போட அந்தக் கணக்கு சரி. கிரவுட் மாற்றுவதில் பெரும்பகுதி காசு பழையதைச் சுரண்டி எடுக்கிற நேரத்துக்குத்தான் போகிறது, அந்த நேரமோ இடுக்கின் நீளத்தைப் பொறுத்தது.

ஒரு சதுர மீட்டர் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. சதுர டைல்ஸ் என்றால் இடுக்கு மொத்தம் 3.3 மீட்டர்தான். 30 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 7 மீட்டர், 10 செ.மீ. என்றால் 20 மீட்டர். 2.5 செ.மீ. மொசைக் என்றால் 80 மீட்டர்! இதைக் கண்டுபிடிக்க 100ஐ டைல்ஸின் நீளத்தால் ஒருமுறை, அகலத்தால் ஒருமுறை (இரண்டும் செ.மீ.யில்) வகுத்து இரண்டையும் கூட்டினால் போதும். அப்புறம் ஒரு மீட்டர் இடுக்கை நீங்களே சுரண்டிப் பாருங்கள், எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு மொத்த நீளத்தால் பெருக்கினால், நீங்களே செய்வதா ஆளைக் கூப்பிடுவதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஒரு சாண் நீளத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள் (ஆசிட் வேண்டாம், அது சிமெண்டையே அரிக்கும்). நிறம் திரும்பி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் கீறினாலும் உதிராமல் நின்றால் அது வெறும் அழுக்குதான், செலவே இல்லை. மாவு மாதிரி கொட்டினால் மாற்றித்தான் ஆக வேண்டும். டைல்ஸைத் தட்டும்போது டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் பிடிமானம் போயிருக்கலாம், அதைச் சரி செய்யாமல் கிரவுட் போட்டால் மறுபடி வெடிக்கும், கொடுத்த காசு வீண்.

பொருள் செலவு நினைப்பதைவிடக் குறைவு. 30 செ.மீ. டைல்ஸில் 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம் நிரப்பச் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிராம் பவுடர்தான் பிடிக்கும். அதனால் பவுடரில் மிச்சம் பிடிக்காதீர்கள். எபாக்சி என்கிற பிசின் வகை கிரவுட், சிமெண்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை, சீக்கிரம் இறுகிவிடும், கைப்பழக்கம் இல்லாதவர்களுக்குக் கஷ்டம். ஆனால் தண்ணீரையும் கறையையும் உறிஞ்சாது, மேலே சீலர் (பாதுகாப்புப் பூச்சு) பூச வேண்டியதில்லை. எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்துக்கு அதையே போடச் சொல்வேன்.

நீங்களே செய்தால், இடுக்கில் குறைந்தது 3 மி.மீ. ஆழத்துக்காவது பழையதை எடுத்துவிடுங்கள். மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு மெல்லிசாகப் பூசினால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். மெஷின் பிளேடு கொஞ்சம் சாய்ந்தாலும் டைல்ஸ் ஓரத்தில் சில்லு தெறிக்கும், ஓரத்தை ஒட்டிய கடைசிப் பகுதியைக் கையாலேயே எடுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கிற சிலிக்கா இருக்கும், நல்ல மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். தூசியை உறிஞ்சி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, புது கிரவுட்டைப் பற்பசைப் பதத்தில் கலந்து, ரப்பர் பலகையை இடுக்குக்குக் குறுக்காகச் சாய்த்து அழுத்தித் தள்ளுங்கள். சிமெண்ட் கிரவுட் என்றால் ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும், தண்ணீர் கூடினால் காய்ந்தபிறகு திட்டுத்திட்டாக வெளுக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், அங்கே ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கிற சிலிக்கான் சீலண்ட் போடுங்கள்.

ஆளிடம் விலை கேட்கும்போது மொத்த இடுக்கு நீளத்தைச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு ஆழம் எடுப்பார், மூலைச் சிலிக்கான் அந்தத் தொகைக்குள் வருமா, டைல்ஸ் சில்லுபட்டால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.