வலியும் நிறமும் இயற்கைக்கு வெளியே இல்லை

இயற்கையைப் பற்றித் தத்துவம் பேசுகிறவர்கள் பலரும் முதல் அடியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். அணு, விசை, அலை இதெல்லாம் நிஜம், நிறமும் வலியும் வாசனையும் மனசுக்குள் நடப்பவை, அவற்றைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்கிறார்கள். பழைய பழக்கம் இது. உணரும் உயிரை எடுத்துவிட்டால் சுவை, மணம், நிறம் எதுவும் மிஞ்சாது என்று 1623-இல் கலிலியோ எழுதினார். அளக்க முடிந்ததை மட்டும் அளந்தால் போதும் என்பது இயற்பியலுக்குப் பெரிய வசதிதான். ஆனால், வசதிக்காக ஓரமாக வைத்ததை இல்லவே இல்லை என்று முடிவுகட்டலாமா? உணரும் அந்த உயிரும் இயற்கைக்குள்தானே இருக்கிறது! இயற்கையை இப்படி இரண்டாகப் பிளக்காதீர்கள் என்று 1920-இல் தத்துவவாதி வைட்ஹெட் வாதாடினார்.

மொபைலில் ஒரு மஞ்சள் பூவின் படத்தைத் திறந்து, நல்ல பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலான திரைகளில் மஞ்சளுக்கென்று தனிப் புள்ளியே கிடையாது, சிவப்பும் பச்சையும்தான் பக்கத்தில் பக்கத்தில் எரியும். உடனே "அப்படியானால் மஞ்சள் வெறும் பிரமை" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த இரண்டு ஒளியும் கலந்தால் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் என்ற உறுதியை நம்பித்தான் திரையையே செய்கிறார்கள். இவ்வளவு ஒழுங்காக நடக்கிற ஒன்றை எப்படி இயற்கைக்கு வெளியே தள்ளுவது?

அகவயம், அதாவது ஒருவர் தனக்குள் உணர்வது, என்றாலே அவரவர் அபிப்பிராயம் என்று புரிந்துகொள்வது இன்னொரு தவறு, என் பார்வையில் இதுதான் மோசமானது. எது சிறந்த இசை என்பதில் கருத்து மாறலாம். எனக்கு வலிக்கிறது என்பது கருத்து இல்லை, ஒரு நடப்பு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் வலி இல்லை என்று ஒருவரிடம் சொல்வது இந்தக் குழப்பத்தால்தான். வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-இல் திருத்திய வரையறையில், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே சேர்த்திருக்கிறது.

அப்புறம், எந்த நரம்பு தூண்டப்படுகிறது என்று கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தத் தூண்டலோடு சேர்ந்து ஏன் ஓர் உணர்வும் வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, 1995-இல் தத்துவவாதி சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டது இதைத்தான்.

சரி, அதற்காக எதிர்ப்பக்கம் ஓடி, குவாண்டம் இயற்பியலே மனம்தான் உலகைப் படைக்கிறது என்று நிரூபித்துவிட்டதாகவும் சொல்லாதீர்கள். அங்கே 'கவனிப்பது' என்பதற்கு மனித மனம் தேவையில்லை. ஆளில்லாத அறையில் ஒரு கருவி துகளின் பாதையைப் பதிவு செய்தாலே, துகள்கள் அலைபோல் நடந்து திரையில் உண்டாக்கும் வரிவரியான குறுக்கீட்டுக் கோலம் மறைந்துவிடும்.