யாஷிகா மேட் 124ஜி: முதல் ரோலை வீணாக்காமல் இருக்க

1970-இல் வந்த இரட்டை லென்ஸ் பிலிம் கேமரா இது; மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. உள்ளே கிரீஸ் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிலிம் போடுமுன் பின்கதவை மூடி, கிராங்கைச் (பிலிமை நகர்த்தும் கைப்பிடி) சுற்றி ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அடித்துப் பாருங்கள். 1 வினாடிக்கு வைத்தால் 'ஸ்ர்ர்' என்று சீராக ஓடி மூட வேண்டும். நடுவில் இழுத்தடித்தால் சர்வீஸ் ஆகும்வரை 1/125, 1/250 போதும். 1/500 வேண்டுமென்றால் கிராங்கைச் சுற்றுமுன்பே அந்த வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். சுற்றியபின் வலிந்து திருப்பினால் ஷட்டருக்கு ஆபத்து.

12 படம் தரும் 120 பிலிமை நிழலில் போடுங்கள். அழுத்துத் தகடு 12-இல் இருக்கட்டும். 24 என்பது முதுகுக் காகிதம் இல்லாத 220 பிலிமுக்கு. புது ரோல் கீழே, காலி ஸ்பூல் மேலே. காகித நாக்கைப் பிளவில் செருகி, கீழ் ரோலை விரலால் லேசாக அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். தளர்ந்தால் ஓரங்களில் வெளிச்சம் புகுந்துவிடும். காகிதத்திலுள்ள அம்புக்குறி கேமராவின் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் 12-ஆவது படம் போச்சு. கதவை மூடி, நிற்கும்வரை சுற்றினால் எண் 1 வரும். பிறகு கிராங்கைப் பின்னால் திருப்பி அதன் இடத்தில் மடக்குங்கள்.

மேலிருந்து குனிந்து பார்க்கும் திரையில் இடம் வலமாகத் தெரியும். ஆள் திரையில் இடப்பக்கம் நழுவினால் கேமராவை வலப்பக்கம் திருப்பணும். கை பழக ஒரு ரோலாவது ஆகும். போகஸுக்கு உருப்பெருக்கியைத் தூக்கி, கண்ணிமை ஓரத்தைப் பாருங்கள். 1 மீட்டர் தூரத்தில் மேல் லென்ஸ் காட்டும் தலை, கீழ் லென்ஸில் வெட்டுப்படும். போகஸ் செய்தபின் இரு லென்ஸ் மையங்களுக்கும் உள்ள இடைவெளி அளவு கேமராவை நேராக உயர்த்திவிட்டு அழுத்துங்கள். முக்காலி இருந்தால் நடுத்தண்டை ஏற்றினால் போதும்.

கேமராவிலுள்ள ஒளி மீட்டரை நம்ப வேண்டாம். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. இப்போது கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுவிடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு லென்ஸ் துளை எஃப்/16, வேகம் 1/125. மேகமூட்டத்துக்கு எஃப்/8.

12 முடிந்ததும் கிராங்க் தடையின்றிச் சுழலும். காகிதம் முழுதும் மேல் ஸ்பூலில் ஏறும்வரை சுற்றி, நிழலில் திறந்து, ரோல் தளராமல் பிடித்தபடி பசைப்பட்டையை ஈரமாக்கி ஒட்டுங்கள். காலியான கீழ் ஸ்பூலை எறிந்துவிடாதீர்கள்; அடுத்த ரோலுக்கு அதுதான் மேலே போகணும்.