பழைய லேண்ட் குரூசரில் பெரிய டேங்க் மாட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

டொயோட்டா லேண்ட் குரூசர் 60 சீரிஸ் 1980இல் வந்த வண்டி. ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பாதைகளில் இன்றும் அதை நம்பி இறங்குகிறவர்கள் உண்டு. அதன் எரிபொருள் டேங்க் 90 லிட்டர். தார்ச்சாலைக்கு அது போதும், மணலுக்குப் போதாது. அதனால் பலரும் முதலில் வாங்க நினைப்பது ஒரு பெரிய டேங்க். கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை லிட்டர்?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் போகும் பாதையைக் கணக்குப் போடுங்கள். சிம்சன் பாலைவனத்தை மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை கடந்தால் 500 கிலோமீட்டருக்கு மேல் எரிபொருள் கிடைக்காது. வழியில் ஏறி இறங்க வேண்டிய மணல்மேடுகள் ஆயிரத்துக்கும் அதிகம். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி, அங்கே 20 லிட்டர்கூடக் குடிக்கும். 550 கிலோமீட்டருக்கு 110 லிட்டர். ஆபத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாலும் 130 போதும். பழைய டேங்கும், கையில் தூக்கிச் செல்லும் 20 லிட்டர் எரிபொருள் கேன் (ஜெர்ரி கேன்) இரண்டும் சேர்ந்தால் அது வந்துவிடும். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனப் பாதையான கேனிங் ஸ்டாக் ரூட்டில் விலூனாவிலிருந்து குனவாரிட்ஜி வரை சுமார் 1,000 கிலோமீட்டர். அதே கணக்கில் 200 லிட்டர். அதற்குத்தான் 180 லிட்டர் டேங்க் உண்மையில் தேவை, அந்த இரண்டு ஜெர்ரி கேனும் கூடவே வேண்டும். இப்படிப்பட்ட பாதைக்கு நாலு வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர், மீதி நாளெல்லாம் அந்தப் பெரிய டேங்கைச் சுமந்து திரிய வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் எடை சும்மா இருக்காது. டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.84 கிலோ. கூடுதலாக 90 லிட்டர் என்றால் 75 கிலோ. டேங்கின் இரும்பு இன்னொரு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 95. இந்த எடை பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் தொங்கினால் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். இந்த வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 273 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பின் அச்சில் கிட்டத்தட்ட 120 கிலோ ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 25 கிலோ குறைகிறது. நாற்பது வருஷம் உழைத்த ஸ்பிரிங் பட்டை இதைத் தாங்காது. வண்டி பின்பக்கம் உட்காரும், ஸ்டீயரிங் லேசாகும். டேங்கை வாங்கிவிட்டு ஸ்பிரிங்கை அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள், இரண்டையும் சேர்த்து ஒரே செலவாக நினையுங்கள். டேங்க் நிறைந்து, ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு, வண்டிக்கு அனுமதித்த மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

இடமும் அப்படித்தான். பல பெரிய டேங்குகள் ஸ்டெப்னி தொங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஸ்டெப்னியைப் பின் பம்பரில் கம்பி போட்டுத் தொங்கவிட வேண்டும். அது இன்னொரு எடை, அதுவும் இன்னும் பின்னால்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது காற்று. உள்ளே எரிபொருள் போக வேண்டுமானால் அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். பெரிய டேங்குகள் தட்டையாக, பல மூலைகளோடு இருக்கும். காற்று போய்வரும் ப்ரீதர் குழாய் ஒரே ஒரு இடத்தில் இருந்தால், மேல் மூலையில் காற்று சிக்கிக்கொள்ளும். பம்ப்பில் நாசில் 'டக் டக்' என்று நின்றுகொண்டே இருக்கும். டேங்க் நிறையாமலே நிறைந்த மாதிரி காட்டும். முன்னும் பின்னும் உயரமான இடங்களில் ப்ரீதர் வேண்டும். குழாய் எங்கும் வளைந்து தொங்கக் கூடாது, தொங்கினால் அந்தப் பள்ளத்தில் டீசல் தேங்கி வழியை அடைத்துவிடும். அதன் நுனி ஆற்று நீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சூடான டேங்க் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், நுனி நீரில் இருந்தால் நீரைத்தான் இழுக்கும். வண்டி சாய்ந்தால் எரிபொருள் கொட்டாத வால்வும் வேண்டும்.

இன்னொன்று, கழுத்து வரை நிரப்பாதீர்கள். டீசல் ஒரு டிகிரிக்கு சுமார் 0.08 சதவீதம் விரிகிறது. 20 டிகிரியில் நிரப்பிய 180 லிட்டர், 45 டிகிரி வெயிலில் நாலு லிட்டர் அளவுக்குப் பெருகும். அது போக இடம் இருக்க வேண்டும்.

பழைய டேங்கை வைத்துக்கொண்டு இரண்டாவதாக ஒன்று சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் இழுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. டேங்க் மாற்றும் வால்வு இழுக்கும் வழியை மட்டும் மாற்றி, ரிட்டர்ன் வழியை மாற்றாமல் விட்டால், இரண்டாவது டேங்கிலிருந்து எடுத்த டீசல் முதல் டேங்கில் போய்ச் சேரும். எங்கள் வண்டியில் இப்படித்தான் நடந்தது. முதல் டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தது, மூடி வழியே டீசல் சாலையில் வழிந்தது. பின்னால் வந்த நண்பர் விளக்கடித்து நிறுத்தினார். இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் மாற்றும் ஆறு வழி வால்வைத்தான் வாங்குங்கள்.

எரிபொருள் அளவு காட்டும் முள்ளும் பொய் சொல்லும். இந்தப் பழைய டொயோட்டா மீட்டரில் டேங்க் காலியானால் மின்தடை அதிகம், நிறைந்தால் குறைவு. டேங்குக்குள் மிதவையோடு இருந்து அளவை மீட்டருக்கு அனுப்பும் கருவிக்கு சென்டர் (sender) என்று பெயர். ஐரோப்பிய வகை சென்டரில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம், அதாவது தலைகீழ். அதை மாட்டினால் நிறைந்த டேங்க் காலி என்று காட்டும். பழைய சென்டரையே மாட்டினாலும் புதிய டேங்கின் ஆழத்துக்கு அதன் மிதவைக் கம்பி பொருந்தாமல் போகலாம். டேங்கை ஏற்றும் முன்பே மல்ட்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். ஏற்றிய பிறகு இறக்குவது ஒரு நாள் வேலை.

உலோகத்தில் துத்தநாகம் பூசிய இரும்பைத் தொடாதீர்கள். துத்தநாகமும் செம்பும் டீசலோடு வினைபுரிந்து பசை போன்ற கசடை உண்டாக்கும், அது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அடைக்கும். அலுமினியம் லேசானதுதான். ஆனால் அலை அலையான மண் சாலையில் நாள் முழுக்க அதிர்ந்தால் வெல்டிங் ஓரம் விரியலாம். எந்த டேங்காக இருந்தாலும் உள்ளே தடுப்புத் தகடு வேண்டும். இல்லாவிட்டால் பாதி டேங்க் டீசல் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் போய் மோதும். சேசிஸ் முறுகும்போது டேங்கும் சேர்ந்து முறுகாதபடி, ரப்பர் வைத்துத் தாங்கிப் பொருத்த வேண்டும். அப்படி ரப்பர் வைத்தால் டேங்குக்கும் சேசிஸுக்கும் இடையில் மின் இணைப்பு இருக்காது. ஒரு எர்த் கம்பி கட்டாயம். நிரப்பும் கழுத்துக்கும் சேர்த்துத்தான், நிலைமின் பொறி விளையாட்டல்ல. குழாய்க்கு ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டாதீர்கள், எரிபொருளுக்கென்றே வருவதை வாங்குங்கள்.

பொருத்தியாயிற்று என்று சொல்லும் முன், பின் அச்சை முழுக்க மேலே தள்ளி, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். அச்சின் உறையோ (ஹவுசிங்), எஞ்சின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டோ டேங்கில் இடிக்கிறதா? சைலன்சர் குழாய் எவ்வளவு நெருக்கம்? பெட்ரோல் வண்டியானால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பழைய டேங்கைப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது வெல்டிங் மெஷினை எடுத்தால் உடனே தடுங்கள். காலி டேங்கில் மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும், டீசல் டேங்கும் விதிவிலக்கல்ல. ஆஸ்திரேலியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு வி.எஸ்.பி. 14 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் பொறியாளர் சான்று தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

முதல் முறை நிரப்பும்போது இருபது இருபது லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். பிறகு அடியில் அட்டை விரித்து, சரிவில் ஒரு இரவு நிறுத்திவையுங்கள். காலையில் அட்டையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். முள் குறித்த அந்தத் தாளைக் கிளவ் பாக்ஸில் வையுங்கள்.